மண்டி

முதலில் வௌவால்கள்.
கடியபட்டணம் கல்லறைத்தோட்டத்துப் புன்னைகளில்
இரவெல்லாம் தோலைச் சப்பிவிட்டு
கொட்டையைக் கீழே போடும்.
கூலி கேட்காத அந்தப் பல்வேலைக்கு
என் நோட்டில் பத்தி இல்லை.

விடியுமுன் செறுபுஷ்பமும் அவள் நாத்தனாரும்
உரச்சாக்கில் பொறுக்கி வருவார்கள்.
கிலோ இருபத்திரண்டு. போன வருடம் பதினெட்டு.
"வௌவாலா வெல கூட்டிச்சு?"
"சிலிண்டரு கூட்டிச்சு" என்றாள்.

பச்சைக் கொட்டையில் எண்ணெய் கிடையாது.
உடைத்தால் வெள்ளை வெளேரென்று
ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருக்கும்.
இரண்டு மாதம் வெயிலில் கிடந்து
தண்ணீரை விட்டு, கறுத்து, சுருங்கி
அப்புறம்தான் கசிய மனம்வைக்கும்.
வங்கி மேலாளர் இதை ஒப்பவில்லை.
"சரக்கு குடோன்ல சும்மாதானே கிடக்குது?"
சும்மா கிடப்பதுதான் சார் உற்பத்தி.
வட்டி மட்டும் பச்சையிலேயே எண்ணெய் விடுகிறது.

வெயிலுக்கும் இடம் தப்பு.
இரண்டு மழை வாங்கும் மாவட்டம்,
இரண்டு மழையிலும் காய் உதிர்க்கும் மரம்.
ஒரு ஆனியில் பூசணம் தொடங்கியதும்
குலசேகரத்தில் வில்பிரட்டின் ரப்பர் புகைப்புரையில்
ஷீட்டுகளுக்குக் கீழே பரப்பினேன்.
கொட்டை பிழைத்தது.
எண்ணெய் தீப்பிடித்த வீடு போல நாறியது.

நூறு கிலோ கொட்டை.
ஓடு போக முப்பத்தெட்டு பருப்பு.
மிஷினில் பிழிந்தால் பத்தொன்பது எண்ணெய்.
சோப்புக்காரன் விலை நூற்றறுபது:
மூவாயிரத்து நாற்பது.
கொட்டைக்கு இரண்டாயிரத்து இருநூறு,
உடைகூலி அறுநூறு,
கரண்டும் ஆட்டோவும் நூற்றைம்பது,
வட்டி நாற்பது.
மீதி ஐம்பது ரூபாய்.
புண்ணாக்கை மாடு முகர்ந்து திரும்பிக்கொள்ளும்;
வாழைக்காரன் எடுப்பான், கடனுக்கு.
இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்.
வௌவாலுக்குக் கூலி கொடுத்திருந்தால் நஷ்டம்.

அப்போதுதான் கொச்சியிலிருந்து மிருதுளா வந்தாள்,
முகத்துக்குப் பூசும் எண்ணெய்க் கம்பெனி.
என் தெளிந்த எண்ணெயை வெளிச்சத்தில் பிடித்து
உதட்டைப் பிதுக்கினாள்.
"எல்லாத்தையும் எடுத்துட்டீங்களே."
எதை?
"பிசினை. பச்சையை. அந்த வாடையை."
விலையே அதற்குத்தானாம்.
நாக்கில் நிற்காத பெயர் ஒன்று சொன்னாள்,
எழுதி வாங்கிக்கொண்டேன்: கலோஃபில்லோலைடு.
அது இருந்தால் கிலோ தொள்ளாயிரம்.

ஆறு வருடம்
சோப்புக்காரன் தெளிவாகக் கேட்டான் என்று
தெளியவைத்தேன், வடித்தேன்,
வடிதுணிக்குத் தனிச்செலவு எழுதினேன்.
அடியில் நின்ற கரும்பச்சை மண்டியை
ட்ரம் ட்ரம்மாக ததேயுஸ் அண்ணன்
வள்ளத்துக்குப் பூச எடுத்துப்போனார்.
இலவசம்.
அள்ளிப்போக ஆள் கிடைத்ததே என்று
ஒரு தடவை டீக்காசும் கொடுத்தேன்.

மாலை மணலுக்குப் போனேன்.
'சகாய மாதா' கவிழ்ந்து கிடந்தது,
பூச்சுக்கு மேல் பூச்சாக ஆறு வருட மினுக்கம்,
பலகைக்கும் பலகைக்கும் நடுவில்
ஒரு பொட்டு உப்புத்தண்ணி நுழைய வழியில்லை.
நகத்தால் சுரண்டி முகர்ந்தேன்.
"என்ன பிள்ள, வசூலுக்கு வந்தியா?"
கணக்கைச் சொன்னேன்.
அண்ணன் சிரிக்கவில்லை.
வள்ளத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார்,
வாங்க வந்தவர் போல.
"இத இப்பிடியே பிழிஞ்சா
எஞ்சின் மாத்த முடியுமா?"

இந்த மாதம் வடிக்கவில்லை.
மாதிரி கொச்சிக்குப் போயிருக்கிறது,
அமில எண் வரப் பத்து நாள் ஆகும்.
கூடினால் மறுபடி சோப்புக்குத்தான்.
அண்ணன் காலி ட்ரம்மோடு வந்து நின்றார்.
அரை ட்ரம் ஊற்றினேன்;
நோட்டில் அளவை எழுதினேன், விலையை எழுதவில்லை.

இன்று காலை சாக்கை இறக்கிவைத்துவிட்டு
தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டே
செறுபுஷ்பம் கேட்டாள்:
"அந்தக் கொச்சிக்காரி எதுக்கு வந்தா?"

சும்மா, என்றேன்.